பச்சைப் புள்ளி இல்லாத மாத்திரை

நெருப்பெரிச்சல்,
வியாழக்கிழமை.

அன்புள்ள கண்ணு தரணிக்கு,

அம்மா எழுதுவது. அந்த ஜோர்டான் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல், மெஸ் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டாவது நேரத்துக்குச் சாப்பிட்டு, நீ சுகமாக இருக்க வேண்டும் என்று பழனியாண்டவரைக் கும்பிட்டுவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போயிற்று, பிடித்து நிறுத்திவிட்டேன். இன்றைக்குச் சுகம், அதற்கு மேல் என்னைக் கேட்காதே. நீ வீடியோ காலில் கூப்பிடும்போதெல்லாம் உங்கப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, பழனிக்கு நடந்ததில் சித்த அசதி, கால் வீக்கம், வேறொன்றும் இல்லை கண்ணு என்று சிரித்தாரே, அதில் கால் வீக்கம் மட்டும்தான் நிஜம். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன், வேறென்ன செய்ய. நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதுக்குப் போய்விடும், அதனால்தான் கோடு போட்ட தாள் வாங்கிவந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கம்பெனி முனீஸ் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறானாம், பருப்புப் பொடியோடு இதையும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். வேலை நேரத்தில் கம்பெனி லைனில் நின்றுகொண்டு படிக்காதே. ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி, முழுவதும் படித்து முடித்த பிறகு போன் பண்ணு.

விஷயம் இதுதான். உங்கப்பா தன் நெஞ்சு மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டார். டாக்டரிடம் கேட்கவில்லை, என்னிடம் சொல்லவில்லை, ஒரு நாள் காலையில் பட்டென்று நிறுத்திவிட்டார். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இந்த மனுஷன் இப்படி ஒரு காரியம் செய்வார் என்று யாராவது சூடம் அணைத்துச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். போன வருஷம் ஸ்டென்ட் வைத்தபோது நீ லீவு போட்டு ஓடி வந்தாயே, அப்போதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி வேண்டிக்கொண்டாராம், நெஞ்சு நல்லபடியானால் அடுத்த தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று. வேண்டாம், காரில் போய்க் கும்பிட்டால் முருகன் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார் என்று நான் சண்டை போட்டேன். டாக்டர்தான், “சித்த சித்தமா நடங்க, நிழல்ல உக்காந்து உக்காந்து போங்க, மாத்திரைய மட்டும் விட்டராதீங்க” என்று அனுப்பிவைத்தார். கேட்டுக்கொள் கண்ணு, நெஞ்சு நன்றாக இருக்க வேண்டும் என்று வைத்த நேர்த்திக்கடனுக்காக நெஞ்சு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

கூட மாலை போட்டது யார் என்று கேட்கவே வேண்டாம், நம் தையல் யூனிட்டுக்கு அடுத்த ஷெட்டில் காஜா பட்டன் போடுகிற உன் கிட்டுசாமி மாமாதான். இந்த இரண்டு பேரும் டீக்கடைக்கே சேர்ந்துதான் போவார்கள், பழனிக்குத் தனியாகப் போவார்களா. மாமாவுக்கும் நெஞ்சு படபடப்பு இருந்து, நம் டாக்டரிடமே காட்டி, அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நிறத்தில் உறை போட்டு, உள்ளே குட்டிக் குட்டி மணியாக இருக்குமே, அந்தக் கேப்ஸ்யூல். நெஞ்சு தறிகெட்டு ஓடாமல் நிதானமாக அடிக்க வைக்கிற மருந்து.

விரதம் என்று வந்துவிட்டால் உங்கப்பா எப்படி என்று உனக்குத் தெரியும். வீட்டில் கவுச்சி கூடாது, முட்டை போட்ட கேக் கூடாது, பிஸ்கட் பாக்கெட்டைக்கூடக் கண்ணாடி போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சைவம் என்று காட்டுகிற அந்தப் பச்சைப் புள்ளி இருந்தால்தான் பிரிப்பார். யூனிட்டில் வேலை செய்கிற பீகார்க்காரர்கள்கூட அவரிடம் பிஸ்கட்டை நீட்டும்போது பச்சைப் புள்ளி மேலே விரலை வைத்துக் காட்டித்தான் நீட்டுவார்கள். அப்படிப்பட்டவருக்கு, நடக்கக் கிளம்புவதற்கு முந்தின வாரம் பாதயாத்திரை வாட்ஸ்அப் குரூப்பில் எவனோ ஒரு வீடியோ போட்டிருக்கிறான், கேப்ஸ்யூல் உறையெல்லாம் மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சிச் செய்வது என்று. அது பொய்யும் இல்லையாம், நிறைய உறை அப்படித்தான் செய்கிறார்கள் என்று பின்னால் டாக்டரே சொன்னார். உங்கப்பா என்ன செய்தார் தெரியுமா, மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பச்சைப் புள்ளி தேடியிருக்கிறார். மாத்திரை அட்டையில் யார் போடுவார்கள் பச்சைப் புள்ளி? இல்லை என்றதும் அன்றைக்கே நிறுத்திவிட்டார். காலையில் நான் பார்க்க மாத்திரை டப்பாவிலிருந்து எடுப்பார், பூஜை முடித்துப் போட்டுக்கொள்கிறேன் என்பார், டப்பாவும் காலியாக இருக்கும், நானும் போட்டுக்கொண்டார் என்றே இருந்தேன். கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடிக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். மருந்தைக் குப்பையில் போட மனசு வரவில்லையாம். செடிக்குக் காட்டின கரிசனத்தைத் தன் நெஞ்சுக்குக் காட்டியிருக்கலாம்.

நிறுத்தினதும் உடம்பு சொல்லாமல் இல்லை, எங்களுக்குத்தான் அது புரியவில்லை. கை நடுங்கியது, காபி டம்ளர் பிடித்தால் தளும்பியது. குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. தூக்கம் போயிற்று. யூனிட்டில் நூல் அறுந்ததற்கு ஒரு ஆபரேட்டரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார், உங்கப்பாவா அப்படிப் பேசுவார், யாரையும் வாங்க போங்க என்றுதானே பேசுவார். நான் என்ன நினைத்தேன், விரதச் சூடு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பஜனையில் அவர் கை நடுங்குவதைப் பார்த்து, சாமிக்கு அருள் வந்திருச்சுங்க என்று விபூதி பூசி, எலுமிச்சம்பழம் கொடுத்து, தீபாராதனையே காட்டிவிட்டார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன் கண்ணு. மாத்திரை நின்றுபோன நடுக்கத்துக்கு நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பச்சை வேட்டி கட்டி, வெறும் காலோடு, அரோகரா போட்டுக்கொண்டு எல்லோரும் தாராபுரம் ரோட்டில் நடந்து போனார்கள். குண்டடம் தாண்டி ஒரு மோர்ப் பந்தலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாராம், கழுத்து நரம்பு துடிப்பது எதிரில் இருப்பவருக்கே தெரிந்ததாம். சாமான் ஏற்றிக்கொண்டு கூடவே போன நம் டெம்போ டிரைவர் வேல்குமார்தான் அதே வண்டியில் போட்டுத் தாராபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். கிட்டுசாமி மாமா கூடவே வந்து நின்றிருக்கிறார், உங்கப்பாதான், “எனக்கும் சேத்திக் கும்பிட்டுட்டு வா, கிட்டு” என்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது உடம்பெல்லாம் ஒயர், பெட்டியில் கோடு கன்னாபின்னாவென்று ஓடுகிறது. கழுத்தில் கிடந்த மாலையை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தார், ஒயர் ஒட்ட வேண்டும் என்று நர்ஸ் கேட்டும் விடவில்லை. நான்தான் விரலைப் பிரித்துக் கழற்றினேன். பழனி போய்க் கழற்ற வேண்டிய மாலை.

அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர் முதலில் கேட்டதே இதுதான், ஏதாவது மாத்திரையை நிறுத்தினீர்களா என்று. உங்கப்பா வாயைத் திறக்கவில்லை. நான்தான் முந்திக்கொண்டேன், “ஒரு நாள் விட்டதில்லைங்க, என்ற கண்ணால பாத்தனுங்க” என்று அடித்துச் சொன்னேன். அவர்களும் என் பேச்சை நம்பி, அப்படியானால் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டதோ என்று கோயமுத்தூருக்கு அனுப்ப ஏற்பாடு பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான்.

மறுநாள் காலையில் கிட்டுசாமி மாமா எனக்குப் போன் பண்ணினார், உங்கப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க. நடந்துகொண்டே பேசினார், மூச்சு இரைத்தது. என்னங்கண்ணா இப்படி இரைக்குது என்று கேட்டதற்கு, “எனக்கும் விடிஞ்சதிலிருந்து படபடன்னுதான் இருக்குதுங்க அம்மிணி, மலை தெரியுதுங்க, போய்ச் சேந்தாச் செரியாப் போயிரும்” என்றார். அதை நான் அப்படியே உங்கப்பாவிடம் சொன்னேன், கிட்டு அண்ணனுக்கும் படபடப்பாக இருக்கிறதாம் என்று. சொன்னதுதான் தாமதம், மூக்கில் வைத்திருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். “அவன நடக்க வேண்டாம்னு சொல்லு இந்து, அவனும் நிறுத்திப்போட்டான், நாந்தாஞ் சொன்னேன், நாந்தாஞ் சொன்னேன்” என்று கத்தினார். என்னத்தை நிறுத்தினான், யார் நிறுத்தினார்கள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் எலும்பு, உறை, பச்சைப் புள்ளி, செம்பருத்திச் செடி என்று ஒவ்வொன்றாக வந்தது.  தன் உயிருக்காக வாயைத் திறக்காத மனுஷன் சிநேகிதனுக்காகத் திறந்தார். அதுவரைக்கும், டாக்டர் கேட்டும்கூட, மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்றே அவருக்குத் தோன்றவில்லையாம், நடந்த களைப்பு என்றே நினைத்தாராம்.

போன் இன்னும் கட்டாகவில்லை. அண்ணா, எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே உட்காருங்கள், ஒரு எட்டுகூட வைக்காதீர்கள், வண்டி வருகிறது என்று கத்தினேன். “சரிங்க அம்மிணி, இந்தா உக்காந்துட்டேன்” என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு. வேல்குமார் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான், ரோடு முழுக்கப் பச்சை வேட்டி, யாரைக் கேட்டாலும் சாமி முன்னாடி போகுதுங்க, பின்னாடி வருதுங்க என்கிறார்களாம். கடைசியில் ஒரு புளியமரத்தடியில் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். நடந்து களைத்த சாமி தூங்குகிறார் என்று நினைத்து, போகிறவர்கள் எழுப்பாமல் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மோர் பாக்கெட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேல்குமார் தோளைத் தொட்டதும் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள் கண்ணு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆமாம், கிட்டுசாமி மாமா போய்விட்டார். உன்னிடம் போனில் சொல்லாமல் வைத்திருந்தது இதைத்தான். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டினவர், கேட்டு உன் மனசு என்ன பாடு படும் என்று தெரியும். அழுதுவிட்டு மேலே படி.

உங்கப்பாவுக்கு விஷயம் தெரிந்த பிறகு வைத்தியமே மாறிவிட்டது. அதே மருந்தை முதலில் ஊசியில் ஏற்றி, பிறகு மாத்திரையாகக் கொடுத்தார்கள், சாயங்காலத்துக்குள் அந்தப் பெட்டிக் கோடு நிதானத்துக்கு வந்தது. நெஞ்சுக்குக் கொஞ்சம் அடி பட்டிருக்கிறது, பெரிதாக இல்லை என்றார் டாக்டர். இந்த மாத்திரை நெஞ்சைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கும், திடீரென்று விட்டால் முன்னாடி ஓடினதைவிட வேகமாக ஓடும், நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால்கூட டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று விளக்கிச் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்று சொன்னார் பார், அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. “இதே மருந்து உறை இல்லாம வெறும் வில்லை மாத்திரையாவும் வருதுங்கம்மா, விரதம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்தி எழுதிக் குடுத்திருப்பாங்களே” என்றார். ஒரு வார்த்தை! உங்கப்பாவுக்கு டாக்டரிடம் போய் எலும்பு, தோல் என்று கேட்கக் கூச்சமாம். படித்தவர் சிரிப்பாராம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே, அந்த ஒரு கேள்விக்கு ஒரு உயிர் போயிருக்கிறதே, என்னால் இன்னும் இதை நம்ப முடியவில்லை கண்ணு.

வீட்டுக்கு வந்த பிறகு பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்தேன், அப்படி இல்லை. குறைந்த அளவில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள், அதுவரைக்கும் உடம்பு அடங்க மாட்டேன் என்கிறது. பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தாலே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். திடீரென்று வியர்க்கிறது, காரணமே இல்லாமல் பயப்படுகிறார், கதவை யாராவது படாரென்று சாத்தினால் தூக்கிப்போடுகிறது. டாக்டரிடம் கேட்டேன், இந்த நடுக்கமும் பயமும் மாத்திரை விட்டதால் வந்ததுதான், கோழைத்தனம் இல்லை, நாளாக ஆக அடங்கும், ஆனால் நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அடங்கட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். காபியை நிறுத்திவிட்டேன், அதற்கு ஒரு முறைப்பு. யூனிட் பக்கம் போகக் கூடாது என்று சாவியை வேல்குமாரிடம் கொடுத்துவிட்டேன், அதற்கு ஒரு முறைப்பு. காலையும் மாலையும் பிரஷர் பார்க்கிறேன், வில்லை மாத்திரையை நானே வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறேன், குழந்தைக்குப் பார்க்கிற மாதிரி. இனிமேல் இந்த வீட்டில் பூஜை முடித்துப் போட்டுக்கொள்கிற கதையெல்லாம் கிடையாது.

இத்தனைக்கும் நடுவில், கிட்டுசாமி மாமா போனது உங்கப்பாவுக்கு இன்னும் தெரியாது. அதிர்ச்சியான எதையும் இப்போதைக்குச் சொல்லாதீர்கள், இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உங்கப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மாமாவை எடுத்து, காரியமெல்லாம் முடிந்துவிட்டது. போனிலிருந்து அந்த வாட்ஸ்அப் குரூப்பை எடுத்துவிட்டேன். பக்கத்து ஷெட்டில் காஜா மெஷின் சத்தமே காணோமே என்று கேட்டார், வேல்குமார் அன்றைக்கே போய் மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டான், வைத்தியம் பார்த்துக்கொண்டு மடத்துக்குளத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார் என்று புளுகி வைத்திருக்கிறேன். போன் போட்டுக் கொடு என்பார், டவர் இல்லை என்பேன். ஊர் முழுக்கத் துக்கம் விசாரிக்கிறது, இவர் மட்டும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கிட்டு வந்தானா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு எங்காவது போய் அலற வேண்டும் போல இருக்கிறது.

இதைவிடக் கஷ்டம் ஜெயசுதா அத்தை. மாமாவின் சம்சாரத்துக்கு இந்த மாத்திரைக் கதை தெரியாது. வருகிறவர்கள் எல்லோரும் மாலையோடு போன புண்ணியவான், முருகனே கூப்பிட்டுக்கொண்டார், இப்படி யாருக்கு வாய்க்கும் என்கிறார்கள், அவளும் அதையே பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்கிறேன். சொல்லவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ சாமி, நீ பக்கத்தில் இருந்தால் உங்கப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரும்.

சனிக்கிழமை மத்தியானம்.

கடிதத்தை மடித்து வைத்திருந்தேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன், ஏனென்றால் நான் மேலே எழுதினதில் ஒன்று தப்பாகிவிட்டது. இன்று காலையில் உங்கப்பா குளித்து, வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். “கிட்டு ஊட்டுக்கு” என்றார். மடத்துக்குளத்திலிருந்து இன்னும் வரவில்லையே என்று நான் ஆரம்பித்ததுமே கையை நீட்டி நிறுத்திவிட்டார். “அவன் போயிட்டான்னு எனக்குத் தெரியும் இந்து, அன்னைக்கே ஆஸ்பத்திரில வேல்குமார் மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும், நீ பயப்படறயேன்னு சும்மா இருந்தேன்” என்றார்.  இவருக்குத் தெரியக் கூடாது என்று நான் நடித்துக்கொண்டிருக்க, எனக்குத் தெரியக் கூடாது என்று இவர் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கிட்டு வந்தானா, கிட்டு வந்தானா என்று தினமும் என்னைக் கேட்டதெல்லாம் எனக்காகக் கேட்டது.

ஜெயசுதாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான், அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள், முதலில் உங்கள் நெஞ்சு தாங்குமா என்று நான் அழுதேன், சண்டை போட்டேன், வாசலில் குறுக்கே நின்றேன். “குரூப்புல இன்னும் அந்த வீடியோவப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க இந்து. நாஞ் சொல்லலீன்னா பங்குனிக்கு இன்னொருத்தன் மாத்திரைய நிறுத்துவான். மொதல்ல அவகிட்டச் சொல்லீட்டுத்தான் மத்தவங்ககிட்டச் சொல்லோணும்” என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச, கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடத்திக் கூட்டிப்போனேன். அடுத்த வீதிதான், அதற்கே மூன்று இடத்தில் நின்றார்.

ஜெயசுதா கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். உங்கப்பா உட்காரவில்லை. நின்றபடியே, வீடியோ பார்த்தது, பச்சைப் புள்ளி தேடினது, நானும் நிறுத்தினேன் கிட்டுவையும் நிறுத்தச் சொன்னேன் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். குரல் நடுங்கினது, ஆனால் நிறுத்தவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், மாமா சாப்பிடாமல் விட்ட மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து உங்கப்பா முன்னால் நீட்டி, “இதைச் சாப்புட்டிருந்தா இருந்திருப்பாருங்களாண்ணா?” என்று கேட்டாள்.  தெரியாதும்மா, விதி என்று ஏதாவது சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன். உங்கப்பா, “இருந்திருப்பான் அம்மிணி” என்றார். அவள் அழவில்லை, திட்டவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உங்கப்பாவுக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது, கை தாளம் போட்டது, விழுந்துவிடுவாரோ என்று நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அவள் நிமிர்ந்து அவர் கையைப் பார்த்துவிட்டு, “நீங்க இன்னைக்குப் போட்டுட்டீங்களாண்ணா?” என்று கேட்டாள். போடவில்லை கண்ணு. காலையில் அந்தச் சண்டையில் நானும் மறந்துபோனேன். துணைக்குக் கூடவே வந்திருந்த வேல்குமார் ஓடிப்போய் நம் வீட்டிலிருந்து மாத்திரையை எடுத்துவந்தான். ஜெயசுதா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவர் விழுங்கி முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

அவ்வளவுதான் சாமி, இனி உன்னிடம் மறைக்க எதுவும் இல்லை. அப்பா இப்போது படுத்திருக்கிறார், பிரஷர் பார்த்தேன், பரவாயில்லை. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் பண்ணுவதற்கு முன்னால் ஜெயசுதா அத்தைக்குப் போன் பண்ணு. உன் சைனஸுக்கு என்னமோ கேப்ஸ்யூல் தருகிறார்கள் என்றாயே, எதுவாக இருந்தாலும் சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் கேள், சிரித்தால் சிரிக்கட்டும். லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு. நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க எல்லாத் தெய்வமும் துணை நிற்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா இந்துமதி